காமன் எரிந்தானா, கரட் கூட்டு எரிந்ததா: நானுஓயாவுக்கு ஒரு நீதிபதி போன கதை

"மாசி மாதத்தில் நுவரெலியாப் பக்கம் போகலாமா? குளிருமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். போகலாம். குளிரும். நான் அங்கே போயிருந்த ஒரு மாசியில் நானுஓயா ஸ்டேஷனில் விட்ட தும்மல் ஒன்று உறைந்துபோய், பங்குனி வெயிலில்தான் சத்தம் கேட்டது. மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பயணத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன். அறுபதுகளின் தொடக்கம். நான் கொழும்பு புறக்கோட்டையில் காய்கறி மண்டி ஒன்றில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் அக்கா செல்லம்மா, நானுஓயாவிலிருந்து மூன்று மைல் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளிடமிருந்து ஆள்மூலம் சேதி வந்தது: "இங்க ஒரு வழக்கு. நீ வந்து நடுவரா இருக்கணும்." புறக்கோட்டை மண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கு உலக வியாபாரம் முழுவதும் தெரியும் என்று எங்கள் மலையில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்க நான் யார்? மண்டிக்காரரிடம் நான்கு நாள் லீவு கேட்டேன். "நாட்டின் பொருளாதாரமே என்னை அழைக்கிறது" என்றேன். "திரும்பி வரும்போது நல்ல லீக்ஸ் ரெண்டு கட்டு கொண்டா" என்றார்.

கோட்டை ஸ்டேஷனில் காலை ஒன்பதே முக்காலுக்கு வண்டி. நானுஓயா நூற்று இருபத்தெட்டு மைல். மூன்றாம் வகுப்புக்கு ஐந்து ரூபாய்க்குள் ஆயிற்று. (இந்தக் கட்டணத்தைக் காட்டி இப்போது டிக்கெட் கொடுப்பவரிடம் சண்டை பிடிக்காதீர்கள். அவர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்.) பொல்காவலையில் வடை, தேத்தண்ணி. வடையின் வயது எனக்குத் தெரியாது. ஆனால் அது என்னை விட அதிகம் பார்த்திருந்தது.

என் எதிரே இரண்டு கனவான்கள். ஒருவர் கழுத்தில் டை, மற்றவர் உடம்பில் கோட்டு. பவுண் நாணயத்தோடு தங்கள் காசைக் கட்டிப்போட்டு வியாபாரம் செய்யும் நாடுகளின் கூட்டு ஒன்று அப்போது இருந்தது. ஸ்டெர்லிங் வட்டாரம் என்பார்கள். இலங்கை அதிலிருந்து விலகலாமா, கூடாதா என்பதுதான் இருவருக்கும் சண்டை. விலகினால் யாருக்கு வேண்டுமானாலும் தேயிலை விற்கலாம், கையில் விலங்கு இல்லை என்றார் டை. விலங்கு இல்லாத கையில் ஏலக்காரன் எதைப் போடுவான், நாளைக்கு ரூபாய் விழுந்தால் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்றார் கோட்டு. கடுகண்ணாவ ஏற்றத்தில் எஞ்சினுக்கு மூச்சு வாங்கியது, இவர்களுக்கு வாங்கவில்லை. கம்பளையில் இருவரும் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்கள்.

"நான் இதே மாதிரி ஒரு வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

"எந்த நாடுகள்?" என்று டை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலு நாடுகள். பெயர் சொல்ல அனுமதி இல்லை" என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னை 'சேர்' என்று கூப்பிட்டார்கள். நாவலப்பிட்டியில் டை எனக்கு ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். ஹட்டனுக்கு அப்பால் தலவாக்கலை வழியில் இரண்டு பக்கமும் அருவி, பள்ளத்தாக்கு, கொழுந்து மலை. எந்தப் பக்கம் உட்கார்வது என்று கேட்காதீர்கள். கழுத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு போங்கள்.

மாலை நாலரைக்கு நானுஓயா. ஸ்டேஷன் வாசலில் காய்கறி லொறியோடு பண்டார நின்றான். நுவரெலியாவுக்குப் போகிறவர்களுக்கு அங்கே பஸ் உண்டு. ஐந்து மைல் சொச்சம். எனக்கு லொறி. பண்டார கினிகத்தேனைக்காரன், சிங்கள ஆள். பத்து வருஷம் எங்கள் ஆட்களோடு புழங்கியதில் அவன் தமிழுக்கும் தேயிலை வாசம் வந்திருந்தது.

"மாத்தயா, ஒழுங்கா தீர்ப்பு சொல்லுங்க. கூட்டு ஒடஞ்சா லொறி பாதி காலியா போகும். பாதி லொறி கினிகத்தேனை வளைவுல எப்பிடி ஆடும் தெரியுமா? பைலா ஆடும்."

"நீ எந்தக் கட்சி?"

"நான் லொறி கட்சி" என்றான்.

அந்த மூன்று மைலில் வழக்கை அவனே விளக்கிவிட்டான். சுருக்கம் இது. பக்கத்துப் பக்கத்தில் நாலு தோட்டம். ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் தோட்டத்துரை விட்டுக் கொடுத்த துண்டு நிலங்களில் அவர்கள் வேலை முடிந்து வந்து கரட், லீக்ஸ், கோவா என்கிற முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு போடுவார்கள். நாலு தோட்டமும் ஒரு கூட்டு வைத்திருந்தது. எல்லார் சரக்கும் ஒரே லொறியில், ஒரே விலையில் போகும். ஒருவன் விலையை ஒருவன் உடைக்கக் கூடாது. அறுவடையில் ஒரு பங்கு உருளைக்கிழங்கைப் பொதுக் கொட்டிலில் விதைக்கு வைக்க வேண்டும். பனியோ மழையோ யாருடைய பாத்தியை அழித்தாலும் அந்தக் கொட்டிலிலிருந்து விதை கிடைக்கும்.

அந்தத் தையில் பனி வந்தது. பனி குளிர்ந்த தண்ணீரைப் போல. பள்ளம் தேடித்தான் இறங்கும். அடியில் இருக்கும் பள்ளத்துத் தோட்டத்தில் உருளைக்கிழங்குச் செடியெல்லாம் ஒரே காலையில் கருகிவிட்டது. மேலே இருக்கும் மேட்டுத் தோட்டத்தில் ஓர் இலைகூட வாடவில்லை. அந்த நேரம் பார்த்து நுவரெலியாக் காய்கறி முதலாளி ஒருவர் மேட்டுத் தோட்டத்துக்கு வந்து, "நீங்க மட்டும் தனியா எனக்குக் குடுங்க, மூட்டைக்குக் கூட வெலை தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேட்டுத் தோட்டம் கூட்டை விட்டு விலகலாம் என்று கொதிக்க ஆரம்பித்தது. விலகினால் கொட்டிலில் இருக்கும் தன் பங்கு விதையையும் தூக்கிக்கொண்டு போகும். மிஞ்சுவது பள்ளத்துக்குக் காணாது.

"விலகச் சொல்றதுல மொத ஆளு யார் தெரியுமா?" என்றான் பண்டார. "உங்க மச்சான்."

மேட்டுத் தோட்டத்தில், அக்கா வீட்டில் இறங்கினேன். மாரிமுத்து மச்சான் லயத்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று வரவேற்றார். எட்டுத் தோட்டத்துக்கும் லாவணி பாடும் குரல் அவருடையது. அவர் ஓங்கிப் பாடினால் கொத்மலையில் மாடு பால் சுரக்கும் என்பார்கள்; நான் குறைத்தே சொல்கிறேன். வலது மணிக்கட்டில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. காமன் பண்டிகைக் காப்பு. கம்பம் ஊன்றியாயிற்று, விரதம் நடக்கிறது, ஆகவே வீட்டில் கருவாடு கிடையாது. நூற்று இருபத்தெட்டு மைல் தாண்டி வந்த நீதிபதிக்குப் பருப்பும் கோவாவும்! ஆனால் நடுவர் பதவியின் லாபத்தை அன்று மாலையே கண்டேன். விலக வேண்டும் என்பவர்கள் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தார்கள். கூடாது என்பவர்கள் அதைக் கேள்விப்பட்டு வாழைப்பழமும் பணியாரமும் கொண்டுவந்தார்கள். இரண்டு தரப்பு வாதத்தையும் நான் நடுநிலையோடு மென்று விழுங்கினேன்.

"கணக்குப் பாரு மாப்ள" என்றார் மச்சான். "நம்ம கரட்டு மாதிரி கரட்டு இந்த மலையிலயே இல்ல. பள்ளத்துச் சொத்தக் கரட்டுக்கும் அதே வெலையா? லொறி வாரத்துக்கு ஒருக்காத்தான் வருது. லீக்ஸு வதங்கிப் போய் நிக்குது. முதலாளி வாசலுக்கே லொறி அனுப்புறேங்கிறாரு. நம்ம சரக்கு, நம்ம வெலை, நம்ம முடிவு. இதுல என்ன தப்பு?"

தப்பொன்றும் எனக்குத் தெரியவில்லை. கோவா அரிந்துகொண்டிருந்த அக்காவுக்குத் தெரிந்தது.

"ஏங்க, நம்ம மக பாக்கியத்த எந்தத் தோட்டத்துல குடுத்துருக்கோம்?"

மச்சான் மணிக்கட்டுக் காப்பைச் சரிசெய்துகொண்டார்.

"தம்பி, நீ கேளு. பாக்கியத்தோட பாத்தி முச்சூடும் கருகிப் போச்சு. பங்குனி முடியறதுக்குள்ள நடாத துண்ட எல்லாம் துரை திருப்பி எடுத்து தேயில நாத்து மேடை போடப் போறாராம். துரையோட கண்டாக்கு வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. வெதைக்கெழங்கு இல்லன்னா அவளுக்கு அந்தத் துண்டு போச்சு."

"என் மகளுக்கு நான் குடுக்க மாட்டேனா வெத?" என்று மச்சான் சீறினார்.

"குடுப்பீங்க. அவ பக்கத்துக் காம்பராக்காரிக்கு? அதுக்கடுத்தவளுக்கு? ஒரு லயமே கையேந்தி நிக்கையில இவ மட்டும் நட்டுட்டு எப்பிடி அங்க குடியிருப்பா?"

அந்த நேரத்தில்தான் பாக்கியம் வந்தாள். என் அக்கா மகள். கல்யாணமாகி இரண்டு வருஷம். குறும்பில் மாமாவைக் கொண்டிருக்கிறாள் என்று எல்லாரும் சொல்வார்கள், நான் மறுப்பதில்லை. மாமா வந்திருக்கிறார் என்று பள்ளத்திலிருந்து ஏறி வந்தவள், அப்பாவிடம் விதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இஸ்தோப்பில் கூடியிருந்த ஆட்களைப் பார்த்துச் சொன்னாள்:

"நாளைக்கி ஞாயித்துக்கெழம நாலு தோட்டமும் பெரட்டுக் களத்துல கூடுது. எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவீங்க. கடைசியில ஒருத்தன் சட்டைய ஒருத்தன் கிழிப்பீங்க. பேசாம லாவணி வைங்களேன்? காமனுக்கு எரிந்த கட்சி, எரியாத கட்சி பாடுறோம்ல, அது மாதிரி. கூட்டு முடிஞ்சு போச்சுங்கிறவங்க எரிந்த கட்சி. கூட்டு இருக்குங்கிறவங்க எரியாத கட்சி. பதில் பாட முடியாதவங்க தோத்தாங்க. மாமா தீர்ப்பு சொல்லட்டும்."

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரித்தார் என்பது கதை. எரிந்தே போனான் என்று ஒரு கட்சி தப்படித்துப் பாடும். இல்லை, எரியவில்லை என்று இன்னொரு கட்சி எதிர்ப்பாட்டு எடுக்கும். வருஷா வருஷம் பாடுகிறார்கள். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

விலகச் சொன்னவர்களுக்கு வாயெல்லாம் பல். இந்த மலையிலேயே பெரிய லாவணிக்காரர் அவர்கள் பக்கம் அல்லவா? "சரி சரி, லாவணியே வைப்போம்!" என்று குதித்தார்கள். எல்லாரையும் விட உயரக் குதித்தவர் மச்சான். "மாப்ள, நாளைக்கிப் பாரு. நான் எடுக்குற முதல் பாட்டுலயே தீர்ப்பு உன் வாயில தானா வந்து உக்காரும்" என்றார். பாக்கியம் கோவா அரியப் போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பூனை பால் குடித்திருக்கவில்லை; ஆனால் பால் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் பெரட்டுக் களம் நிறைந்துவிட்டது. காலையில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் திடல் அது. நாலு தோட்டத்து ஆட்களும் வந்திருந்தார்கள். நான் பார்த்த வரையில் ஏழெட்டு லட்சம் பேர் இருப்பார்கள். அக்கா முந்நூறு என்றாள். எனக்குக் கணக்கப்பிள்ளையின் நாற்காலி. அதன் ஒரு கால் குட்டை. நீதி கொஞ்சம் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தது.

தப்புக்குச் சூடு காட்டினார்கள். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, களத்தின் கிழக்கே, எரிந்த கட்சி நிற்கும் பக்கம் போய் நின்றார். அப்போது கூட்டத்திலிருந்து பாக்கியம் கேட்டாள்.

"அப்பா, கையில இருக்கிறது எந்தக் கட்சிக் காப்பு?"

களம் அவர் மணிக்கட்டைப் பார்த்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தது. அந்தத் தோட்டத்து வழக்கப்படி, லாவணிக்காரன் காப்புக் கட்டும்போதே எந்தக் கட்சி என்று சொல்லித்தான் பூசாரி கட்டுவார். அவிழ்க்கிற வரைக்கும் கட்சி மாறக் கூடாது. மச்சான் வீட்டில் அப்பன், பாட்டன் காலத்திலிருந்து எரியாத கட்சி. காமனுக்காக இருபது வருஷம் மேற்கே நின்று பாடியவர், கரட்டுக்காகக் கிழக்கே போய் நின்றுவிட்டார். அவருக்கு அது ஞாபகமே வரவில்லை. அவர் ஆட்களுக்கும் வரவில்லை. மகளுக்கு மட்டும் வந்திருக்கிறது.

"இது காமனுக்குக் கட்டுன காப்பு! கரட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் மச்சான்.

பூசாரி எழுந்தார். "கரட்டுக்கு ஒண்ணு, காமனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு காப்பா கட்டுனேன்? காப்புன்னா காப்புத்தான். மேக்கால போய் நில்லு மாரிமுத்து."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். மிக அழகான ஆகாயம். நுவரெலியாப் பக்கம் போகிறவர்கள் தவறவிடக் கூடாது.

மச்சான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேற்கே போனார். கிழக்கே ஆள் வேண்டுமே? அவருடைய சீடன் கிட்டினனைத் தள்ளிவிட்டார்கள். கிட்டினன் நல்ல பையன்தான், முப்பது வயது. குரல் மட்டும் எண்ணெய் காணாத இரும்புக் கேற்றுப் போல இருக்கும். ஆனால் மச்சான் இரண்டு வாரமாக அவனுக்கு விலகுவதன் நன்மைகளைச் சொல்லிச் சொல்லி ஏற்றிவைத்திருந்தார். சரக்குக்குப் பஞ்சமில்லை. தப்பை ஓங்கி அடித்து ஆரம்பித்தான்:

மேட்டுக் கரட்டு தங்கம் போல மின்னுதடா மின்னு!
பள்ளத்துப் பனிக்கு நாங்க பங்கு தரணும் என்னு
எந்தச் சாமி வந்து சொல்லிச்சு? எவன் விதிச்சான் நின்னு?
எரிஞ்சு போச்சு கூட்டு, அத இல்லைன்னு நீ எண்ணு!

மேட்டுத் தோட்டம் ஆரவாரம் செய்தது. மச்சான் பேருக்கு ஒரு தட்டுத் தட்டி, பல் வலிக்காரன் மாதிரி ஏதோ முனகினார். கிட்டினனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "என்னண்ணே, தொண்டையில பனி விழுந்துருச்சா?" என்றான்.

அங்கேதான் அவன் கெட்டான். மச்சானிடம் கரட்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். தொண்டையைப் பற்றிச் சொல்லக் கூடாது. அவர் நிமிர்ந்தார். தப்பு அதிர்ந்தது. என் நாற்காலியின் குட்டைக் காலும் நிமிர்ந்தது என்றால் நம்புவீர்களா?

தங்கம் போல மின்னுற கரட்டு தானா நடந்து போகுமா?
தார் ரோட்டு ஓரம் லொறி இல்லாம தலகாணி போட்டுத் தூங்குமா?
பாதி லொறிக்கு முழு வாடகை பாவி நீதான் குடுப்பியா?
எரியலடா கூட்டு, இதுக்கு எதிர்ப்பாட்டு எடுப்பியா?

களத்தின் ஓரத்தில் லொறியின் மேல் உட்கார்ந்திருந்த பண்டார விசிலடித்தான். கிட்டினன் விடவில்லை.

லொறிக்கு என்னா பஞ்சம்? முதலாளி லொறி வாசலுக்கே வருது!
மூட்டைக்கு மேல வெலைய வச்சு முன்னாலயே தருது!
வாரம் பூரா காத்துக் கெடந்து லீக்ஸு முதுகு வதங்குது!
எரிஞ்சு போச்சு கூட்டு, உனக்கு ஏன் வாய் தயங்குது?

நிஜமாகவே தயங்கியது. முந்தின நாள் மாலை என்னிடம் அவர் சொன்ன வாதம் சொல்லுக்குச் சொல் இதுதான். தன் வாதத்தைத் தானே உடைக்க வேண்டும். தப்பு அவருக்காகக் காத்துக்கொண்டு மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் பதில் வராவிட்டால் தோல்வி. மச்சான் கண்ணை மூடினார். அந்த முதலாளியை முதல்முறையாக அப்போதுதான் நன்றாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

முதல் மாசம் வெலையக் கூட்டி மொகத்தப் பாத்துச் சிரிப்பான்!
மூணாம் மாசம் ஈரமுன்னு மூட்டையத் தரம் பிரிப்பான்!
நாலு தோட்டம் ஒண்ணா நின்னா நாக்கக் கடிச்சு நிப்பான்!
தனியா நீ போய் நின்னியானா தராசோட உன்ன விப்பான்!

களம் வெடித்தது. மேட்டுத் தோட்டத்து ஆட்களே சிரித்துவிட்டார்கள். "அண்ணே, இதெல்லாம் நேத்து ஏண்ணே சொல்லல?" என்று கிட்டினன் பாட்டை விட்டுப் பேச்சில் கேட்டான். "நேத்து நீ எதுத்துப் பாடலியேடா!" என்றார் மச்சான். அவருக்கு வியர்த்திருந்தது. அந்தக் குளிரில்!

கிட்டினன் கடைசி அம்பை எடுத்தான். அது கூர்மையானது. பனி பள்ளத்துக்குத்தான் வரும், மேட்டுக்கு வரவே வராது. வராத பனிக்கு நாங்கள் எதற்கு வருஷா வருஷம் விதை ஒதுக்க வேண்டும் என்று பாடினான். யாரும் சிரிக்கவில்லை. மேட்டுத் தோட்டத்தின் உண்மையான மனக்குறை அதுதான். பள்ளத்துத் தோட்டத்து ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். பாக்கியம் மட்டும் அப்பாவைப் பார்த்தாள். குறும்பெல்லாம் போய், கண் நிறைந்திருந்தது.

மச்சான் தப்பை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். குரலைத் தாழ்த்திப் பாடினார்.

மண்ணு சரிஞ்ச வருசம் நம்ம மேடு கீழ வந்துச்சே
மாத்து வெதைய மூட்ட கட்டி எந்தக் கை தந்துச்சு?
பனிக்குப் பாதை பள்ளமுன்னா மழைக்குப் பாதை நாமதான்.
பொண்ணக் குடுத்த மண்ணுக்கு நான் வெதையக் குடுக்க மாட்டேனா?

மண் சரிந்த வருஷம் மேட்டுக்கு விதை தந்த கை பள்ளத்துடையது என்று களத்தில் எல்லாருக்கும் தெரியும். கடைசி வரிக்கு முந்தின வரியோடு இயைபு இல்லை. கிட்டினன் தன் தப்பைக் கீழே வைத்துவிட்டான்.

இனி என் தீர்ப்பு. ஆதி முதல் அன்று வரை உலகில் நடந்த எல்லா வியாபாரத்தையும் மேற்கோள் காட்டி மூன்று மணி நேரம் பேசலாம் என்று ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். சுருக்கிவிட்டேன். எரியாத கட்சி ஜெயித்தது, கூட்டு இருக்கட்டும். ஆனால் கிட்டினன் பாட்டிலும் பாதி உண்மை இருக்கிறது. வதங்கிய லீக்ஸ் வதங்கிய லீக்ஸ்தான். ஆகவே லொறி வாரத்துக்கு இரண்டு தடவை வரட்டும். நல்ல கரட்டைத் தனியாகத் தரம் பிரித்து, அதற்குரிய விலையைக் கூட்டே கேட்டு வாங்கட்டும். பண்டாரவைப் பார்த்தேன். "ரெண்டு தடவைன்னா எனக்கும் சரி" என்றான். கை தூக்கச் சொன்னோம். மேட்டுத் தோட்டத்தில் பாதிக்கு மேல் தூக்கியது. தூக்காதவர்களில் மச்சானும் ஒருவர். "காப்பு பாடச் சொல்லிச்சு, பாடுனேன். கை என்னுது" என்றார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே பொதுக் கொட்டில் திறந்தது. பள்ளத்துக்கு இறங்கிய விதை மூட்டைகளில் ஒன்றை மச்சான் தன் தோளில் வைத்துக்கொண்டார். கூடவே நானும் நடந்தேன். வெறுங்கையோடு, நீதிபதிக்குரிய மிடுக்கோடு. லயத்துக்குப் பின்னால் கருகிய பாத்தியைக் கொத்தி, பாக்கியமும் அவள் புருஷனும் தயாராக வைத்திருந்தார்கள். மண் கறுப்பாக, ஈரமாகக் கிடந்தது. மச்சான் மூட்டையை இறக்கிவிட்டு மகளை முறைத்தார்.

"இருடி இரு. காமன் எரிஞ்சு காப்ப அவுக்கட்டும். அப்புறம் கெழக்கால நின்னு ஒரு பாட்டு பாடுறேன். நான் பாடுனதுக்கு நானே பதில் சொல்றேன். அப்ப தெரியும்."

"பாடுங்கப்பா" என்றாள் பாக்கியம், ஒரு கிழங்கை முளைக் கண் மேலே பார்க்கக் குழியில் வைத்துக்கொண்டே. "நீங்க காப்பு அவுக்கிறதுக்குள்ள இது மொளச்சிரும்."

மறுநாள் பண்டாரவின் லொறியிலேயே ஹட்டன், கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கு இறங்கினேன். லொறி நிறைந்திருந்தது, வளைவுகளில் கல்யாணப் பெண் மாதிரி அடக்கமாகப் போயிற்று. நான்தான் கரட் மூட்டைகளுக்கு நடுவே பைலா ஆடினேன். கட்டணம் ஏதுமில்லை, இடுப்பு மட்டும் செலவானது. கினிகத்தேனையில் இறங்கித் தேத்தண்ணி குடிக்கும்போது ரயிலில் பார்த்த டையும் கோட்டும் ஞாபகத்துக்கு வந்தார்கள். இருவரையும் ஒரு காப்புக் கட்டி இடம் மாற்றி உட்கார வைத்திருந்தால், ஹட்டன் வருவதற்குள் நாட்டுக்கு ஒரு வழி பிறந்திருக்கும். விலகலாமா கூடாதா என்று எங்கே யார் அடித்துக்கொண்டாலும் இன்றைக்கும் எனக்கு அதுதான் தோன்றுகிறது: எதிர்த் தரப்பை ஒரு மத்தியானம், தோற்கக் கூடாது என்ற வெறியோடு பாடிப் பார். அதற்குப் பிறகும் உன் கை உயராவிட்டால், அது உன் கை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாசியில் போனால் கம்பளி எடுத்துப் போங்கள். இரண்டு எடுத்தால் ஒன்றை எனக்காகப் போர்த்திக்கொள்ளுங்கள். பனியைப் பார்க்க வேண்டுமானால் விடிந்ததும் பள்ளமான இடத்துக்குப் போக வேண்டும், வெயில் ஏறினால் மறைந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். பக்கத்தில் பாத்தி வைத்திருப்பவர் நின்றால் அழகு என்று சொல்லாதீர்கள். தோட்டங்களில் காமன் பண்டிகை நடந்தால் கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. யாராவது உங்களை நடுவராக இருக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள், சாப்பாடு நன்றாக இருக்கும். நாற்காலியின் காலை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

மண்டிக்காரருக்கு லீக்ஸ் இரண்டு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். வதங்கியிருக்கவில்லை. பாக்கியத்தின் கிழங்கு, காப்பு அவிழ்ப்பதற்கு முதல் நாளே முளைவிட்டதாக அக்கா சொல்லி அனுப்பினாள். மச்சான் கிழக்கே நின்று அந்தப் பாட்டைப் பாடவேயில்லை. நேரமில்லையாம். வாரத்துக்கு இரண்டு தடவை லொறி வருகிறதே.